ஏழு விசை மேனியா: ஆள் ஏன் தங்குவதில்லை, தங்க வைப்பது எப்படி

வேலூரை அடுத்த காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான்கைந்து பேர் கூடித் தாள விளையாட்டுகள் ஆடுவது கொஞ்ச காலமாக வழக்கமாகியிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் இருவர், என் சித்தி மகள், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன், அவ்வப்போது அவன் அழைத்துவரும் புதியவர் என்று கூட்டம் சிறியதுதான். இதற்குள்ளேயே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. 'ஓசு' (osu!) என்ற கணினி விளையாட்டில் சுட்டியால் வட்டங்களைத் தட்டும் முதன்மை முறையை ஆடிப் பார்த்தவர் மறுவாரமும் வந்தார்; விசைப்பலகையின் நான்கு விசைகளில் ஆடும் மேனியாவைத் தொட்டவரும் பெரும்பாலும் வந்தார்; ஏழு விசை மேனியாவில் உட்கார வைத்தவர் மட்டும் பத்தே நிமிடத்தில் "தலையச் சுத்துதுண்ணா" என்று எழுந்து தண்ணீர் கேட்டார்.

எங்கள் அறைக்கு வெளியிலும் வரிசை இதுவே. ஆஸ்திரேலியரான டீன் ஹெர்பர்ட் 2007ஆம் ஆண்டு இலவசமாக வெளியிட்ட ஓசுவில் இன்று நான்கு முறைகள் இருக்கின்றன: வட்டம் தட்டும் முதன்மை முறை, ஜப்பானிய முரசை ஒட்டிய டைக்கோ, விழும் பழங்களைப் பிடிக்கும் கேட்ச், விசைக்கு ஒரு வரிசையாக மேலிருந்து இறங்கும் நோட்டுகளை அவை கீழே உள்ள கோட்டைத் தொடும் கணத்தில் தட்டும், 2012இல் சேர்ந்த மேனியா. ஆட்கள் மிகுதியாக இருப்பது முதன்மை முறையில். மேனியாவுக்குள் நான்கு விசைக்கும் ஏழு விசைக்கும் தனித்தனித் தரவரிசை உண்டு. அவற்றிலும் ஏழு விசைக்காரர்களே சிறுபான்மை.

கடினமாக இருப்பதால் ஆள் வருவதில்லை என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் ஏழு விசையைப் பத்து நிமிடத்தில் கைவிட்ட அதே பையன், துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் ஒரே ஆயுதத்தின் உதைப்பைக் கட்டுப்படுத்த ஒரு மாதம் பயிற்சி செய்திருக்கிறான். கடினம் அவனை விரட்டவில்லை. பல வாரங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த கருத்து வேறு. ஏழு விசையில் உண்மையான கடினம் விரலில் இருக்கிறது, ஆனால் புதியவர் விரலுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கண்ணிலும் கருவியிலும் தவறான பாடலிலும் தோற்றுப்போய்விடுகிறார். இந்த மூன்றையும் கற்றுக்கொடுப்பவர் முன்கூட்டியே ஒதுக்கிவிட முடியும். அதைச் செய்வது எப்படி என்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை. தனியாகக் கற்பவர்கள் தங்களையே புதியவராக வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

தாளம் குறையில்லை

ஏழு விசையில் நேரத் துல்லியம் மிகக் கூர்மையாக எதிர்பார்க்கப்படுகிறது, அதனால்தான் முடிவதில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஓசுவின் பழைய ஸ்டேபிள் பதிப்பில், ஓ.டி. எனப்படும் துல்லிய அளவு 8 என்று வைத்த பாடலை எடுத்துக்கொள்வோம். முதன்மை முறையில் 300 புள்ளி பெற, சரியான கணத்துக்கு முன்னோ பின்னோ ஏறத்தாழ 32 மில்லிநொடிக்குள் தட்ட வேண்டும். மேனியாவில் அதே 8இல் 300 பெற 40 மில்லிநொடி வரை இடம் இருக்கிறது. அதற்கும் மேலான 'மேக்ஸ்' மட்டுமே 16 மில்லிநொடிக்குள் தட்டச் சொல்கிறது. அந்தப் பதிப்பின் துல்லியச் சதவீதக் கணக்கில் மேக்ஸும் 300உம் சமம் என்பதால், தொடக்கத்தில் மேக்ஸ் விழவில்லையே என்று யாரும் வருந்தத் தேவையில்லை. ஆட்கள் குவிந்திருக்கும் முறையைவிட ஆட்கள் குறைந்த முறையே நேரத்தில் தாராளமானது என்பது எனக்கே முதலில் நம்ப முடியாததாக இருந்தது.

தாள உணர்வும் நம் பக்கத்து மக்களுக்குக் குறையில்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: பம்பைக்காரர் நடையை மாற்றும்போது, அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காலும் தானாக மாறும். ஆகவே புதியவரிடம் "தாளத்தைக் கவனி, தாளத்தைக் கவனி" என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். எங்கே தட்டுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

கண்ணில் தொடங்கும் தோல்வி

நான்கு விசையில் ஒரே கணத்தில் விழக்கூடிய வடிவங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் நோட் இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம். எதுவுமே இல்லாத நிலையைக் கழித்தால் 15 வடிவங்கள். ஏழு விசையில் அதே கணக்கு 127க்குப் போய்விடுகிறது. விசைகள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆனால் கண் அடையாளம் காண வேண்டியவை எட்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டன. நான்கு விசையை நன்றாக ஆடுபவர்கூட ஏழில் தட்டுத் தடுமாறுவதற்கும், "நாலு தெரிஞ்சா ஏழு வந்துடும்" என்ற நம்பிக்கையோடு வந்தவர் அவமானப்பட்டுப் போவதற்கும் இதுவே காரணம்.

நல்வாய்ப்பாக, தொடக்க நிலைப் பாடல்களில் இந்த 127உம் வருவதில்லை. தனி நோட்டுகள் ஏழு, இரட்டை நோட்டுகள் இருபத்தொன்று, ஆக 28 வடிவங்கள் பழகினால் எளிய பாடல்களில் பெரும்பகுதி கண்ணுக்கு அடங்கிவிடும். மூன்று நோட்டுகள் சேர்ந்து விழும் பாடல்களை முதல் மாதம் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது திரையில் நோட்டுகள் இறங்கும் வேகம். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள், அதுவும் நல்லெண்ணத்தோடு. புதியவர் திணறுகிறார் என்றதும் பக்கத்தில் இருப்பவர் வேகத்தைக் குறைத்து வைப்பார். மெதுவாக இறங்கினால் பார்க்க நேரம் கிடைக்கும் என்று தோன்றுவது இயல்பு. நிமிடத்துக்கு 150 தாள அடி வைத்த ஒரு பாடலில் ஓர் அடியை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவும் 100 மில்லிநொடி வரும். நோட் மேலிருந்து தட்டும் கோட்டுக்கு வர 1000 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும்படி வைத்தால், திரையில் ஒரே சமயத்தில் பத்து அடுக்கு நோட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 500 மில்லிநொடியில் வரும்படி வைத்தால் ஐந்து அடுக்குகள்தாம் இருக்கும், அவற்றுக்கிடையே இடைவெளியும் இரட்டிப்பாகும். பாடலின் வேகம் ஒன்றுதான், தட்ட வேண்டிய நேரமும் ஒன்றுதான். படிக்க வேண்டிய நெரிசல் மட்டும் பாதியாகிறது. கிரீன் சர்க்கிள் பக்கம் மாலை நேரத்தில் ஊர்ந்து வரும் வண்டிகளுக்கிடையில் சாலையைக் கடப்பதைவிட, விட்டுவிட்டு வேகமாக வரும் வண்டிகளுக்கிடையில் கடப்பது சில சமயம் எளிதாக இருப்பதைப் போன்றது இது. (கடந்து பார்க்கச் சொல்லவில்லை.)

எனவே இறங்கும் வேகத்தை எஃப்3, எஃப்4 பொத்தான்களால் மாற்றி, முதல் நாள் 750 மில்லிநொடியளவில் தொடங்குங்கள். தற்போதைய லேசர் பதிப்பு வேக எண்ணோடு மில்லிநொடியையும் காட்டுவதால் ஊகிக்க வேண்டியதில்லை. அங்கே இரண்டு மூன்று நாள் ஆடிய பிறகு, புதியவரிடம் சொல்லாமலே ஒரு படி ஏற்றுங்கள். சொன்னால் பயப்படுவார், சொல்லாவிட்டால் "இந்தப் பாட்டு நல்லாத் தெரியுதே" என்பார். மூன்று வாரத்தில் 550க்கு வந்துவிட்டால் போதும். அதற்கு மேல் ஏற்றுவது அவரவர் கண்ணையும் திரையையும் பொறுத்தது.

கண்ணை எங்கே வைப்பது என்பதையும் சொல்லித்தர வேண்டும். தட்டும் கோட்டையே பார்ப்பவர் எப்போதும் தாமதமாகத் தட்டுவார். கோட்டுக்கு மேலே, திரையின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே பார்வையை நிறுத்தி, ஏழு வரிசைகளையும் தனித்தனியே பார்க்காமல் ஒரு கோலத்தைப் பார்ப்பதுபோல் மொத்தமாகப் பார்க்க வேண்டும். கோலம் போடுபவர் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டா இழை இழுக்கிறார்? வரிசைகளுக்கு நிறம் கொடுக்கும் ஸ்கின் (திரைத் தோற்ற அமைப்பு) ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடு வரிசை ஒரு நிறத்திலும், அதன் இருபுறமும் மாறிமாறி இரண்டு நிறங்களிலும் இருந்தால் இடக்கை எது, வலக்கை எது என்பது எழுதாமலே விளங்கும். எல்லா வரிசையும் ஒரே வெள்ளையாக இருக்கும் அழகான ஸ்கின்கள் பழகியவர்களுக்கு மட்டுமே உரியவை.

விசைப்பலகை, ஒலி, வெயில்

மேனியாவில் ஏழு விசைக்கு வழக்கமான அமைப்பு எஸ், டி, எஃப், ஸ்பேஸ், ஜே, கே, எல். இரு கைகளின் மூன்று விரல்கள், நடுவில் கட்டைவிரல். மலிவான விசைப்பலகைகளின் உள்ளே எல்லா விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இருப்பதில்லை. வரிசையும் நெடுக்கையுமாகப் பின்னிய கட்டமைப்பில் இரண்டு விசைகள் அழுத்தியிருக்கும்போது மூன்றாவது பதிவாகாமல் போவது உண்டு. புதியவர் சரியாகத் தட்டியும் 'மிஸ்' விழும். தன் விரல்மேல் பழி போட்டுக்கொண்டு அவர் போய்விடுவார்.

என் முதல் விசைப்பலகை இப்படித்தான் என்னை ஏமாற்றியது. லாங் பஜாருக்குப் போய், கேமிங் கீபோர்டு என்று கேட்டு, ஏழு நிறத்தில் விளக்கு எரிவதைப் பார்த்து மயங்கி வாங்கி வந்தேன். எஸ்ஸையும் டியையும் அழுத்தியிருந்தால் ஸ்பேஸ் வேலை செய்யாது என்பது தெரிய இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் என் இடது கட்டைவிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு மட்டும் இன்றுவரை எரிகிறது.

வாங்குவதற்கு முன்போ, இருப்பதைக் கொண்டு ஆடத் தொடங்குவதற்கு முன்போ, நோட்பேடைத் திறந்து ஏழு விசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி விடாமல் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது ஒருமுறையாவது திரையில் விழ வேண்டும். பிறகு இரண்டிரண்டாக, மும்மூன்றாகச் சேர்த்தும் சோதியுங்கள். ஆறு விசைகள் வரை பதிவானால் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். ஏழும் ஒரே கணத்தில் விழும் இடம் எளிய பாடல்களில் வராது. ஒரு குறிப்பிட்ட சேர்க்கை மட்டும் பதிவாகவில்லை என்றால் பலகையை மாற்ற வேண்டியதில்லை; அமைப்புகளில் ஒரு விசையைப் பக்கத்துக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

புளூடூத் காதணிக் கருவிகளை இந்த விளையாட்டுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். ஒலி நொடியில் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை தாமதமாக வரும். மேலே சொன்ன 40 மில்லிநொடியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பியுள்ள சாதாரண இயர்போன் போதுமானது. அதன் பிறகும் எல்லா நோட்டும் ஒரே பக்கமாக முந்தியோ பிந்தியோ விழுவதாகத் தெரிந்தால் ஆஃப்செட்டை, அதாவது ஒலிக்கும் நோட்டுக்கும் இடையிலான நேர வித்தியாசத்தை, சரிசெய்ய வேண்டும். லேசரில் ஒரு பாடலை ஆடி முடித்ததும், கடைசி ஆட்டத்தை வைத்தே அளவிட்டுத் திருத்தும் வசதி இருக்கிறது. இதைக் கற்றுக்கொடுப்பவர் தன் கையால் ஆடி முன்கூட்டியே சரிசெய்து வைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் புதியவரின் தடுமாற்றத்தை வைத்து அளவிட்டால் அளவும் தடுமாறும்.

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்பவர்கள் மேனியா ஆடிப் பார்த்ததில்லை. ஆடியிருந்தால் கேலியை இன்னும் கடுமையாக்கியிருப்பார்கள். கத்திரி வெயில் நாட்களில் பிற்பகலில் விரல்நுனி வியர்த்து விசைமேல் வழுக்கும், மின்விசிறியின் சத்தம் பாடலின் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். காலை ஒன்பது மணிக்குள் ஆடி முடித்துவிடுவதே எங்கள் ஏற்பாடு. பக்கத்தில் ஒரு பருத்தித் துண்டு இருக்கட்டும்.

விரல்: நான்கிலிருந்து ஏழுக்கு ஏறும் படிகள்

நான்கிலிருந்து நேரே ஏழுக்குத் தாவச் சொல்வதுதான் ஆட்களை இழக்கும் மிகப் பெரிய தவறு. இடையில் இரண்டு படிகள் இருக்கின்றன, யாரும் அவற்றை மதிப்பதில்லை. நான்கு விசைக்கு டி, எஃப், ஜே, கே பயன்படுகின்றன. ஐந்து விசையில் அவற்றோடு ஸ்பேஸ் சேர்கிறது, அதாவது புதிதாக வருவது கட்டைவிரல் மட்டும். ஆறு விசையில் ஸ்பேஸ் போய் எஸ்ஸும் எல்லும் சேர்கின்றன, அதாவது புதிதாக வருவது மோதிர விரல்கள் மட்டும். ஏழு என்பது இந்த இரண்டையும் கூட்டினால் வருவது. வடிவங்களின் எண்ணிக்கையும் 15, 31, 63, 127 என்று படிப்படியாகவே ஏறுகிறது. நான்கு விசையில் ஓரளவு கை பழகியவரை ஒரு வாரம் ஐந்திலும் இரண்டு வாரம் ஆறிலும் வைத்துவிட்டு ஏழுக்குக் கொண்டுவந்தால், முதல் நாளே அவர் ஒரு பாடலை முழுதாக முடித்துவிடுகிறார்.

ஆறுக்கு இரண்டு வாரம் கேட்பதற்குக் காரணம் மோதிர விரல். கையின் பின்புறத் தசைநாண்கள் பக்கத்து விரல்களோடு இணைக்கப்பட்டிருப்பதால் அந்த விரல் தனித்து உயராது. நடுவிரலைத் துணைக்கு இழுக்கும். விரல்களை உயரமாகத் தூக்கித் தட்டுபவருக்கு இது பெரும் சிக்கல். விசைமேல் விரலை ஒட்டியே வைத்திருந்து அழுத்தப் பழகியவருக்குச் சிக்கலே இல்லை. ஆகவே முதல் நாளிலிருந்தே விரலைத் தூக்க விடாதீர்கள்.

கணினி இல்லாமலே செய்யக்கூடிய ஒரு பயிற்சி எங்கள் அறையில் எல்லோருக்கும் உதவியிருக்கிறது. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் மிச்ர நடை ஏழு எழுத்து: தகிட தகதிமி. இடக்கையின் மூன்று விரல்களுக்குத் தகிட, கட்டைவிரலுக்கும் வலக்கையின் மூன்று விரல்களுக்கும் தகதிமி என்று வைத்துக்கொண்டால் ஏழு விசையும் ஏழு எழுத்தும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. சாப்பாட்டு மேசையிலோ, காட்பாடி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது தொடைமேலோ, அரை நொடிக்கு ஓர் எழுத்து என்ற அளவில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். இருபது சுற்று பிழையின்றி வந்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம். பிறகு வலமிருந்து இடமாக, அதற்குப் பிறகு தகதிமியை முன்னும் தகிடவைப் பின்னும் மாற்றிச் செய்யலாம். மிருதங்கம் கற்ற ஒருவர் எங்கள் அறைக்கு வந்தபோது இதை ஐந்து நிமிடத்தில் செய்துகாட்டிவிட்டு, அடுத்த அரைமணி நேரம் திரையில் திணறினார். விரல் வேறு, கண் வேறு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பாடலில் வரும் கோர்வைகளுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களைத் தெரிந்துவைத்தால் எதில் தோற்கிறோம் என்று சொல்ல முடியும். தனி நோட்டுகள் இடைவிடாமல் வருவது ஸ்ட்ரீம். ஒரே விசையில் அடுத்தடுத்து விழுவது ஜாக். இரண்டு இடங்களுக்கிடையே மாறிமாறி வருவது டிரில். சேர்ந்து விழுபவை கார்டு. அழுத்திப் பிடித்து உரிய நேரத்தில் விட வேண்டியது லாங் நோட். புதியவர் "முடியல" என்றால் எது முடியவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஜாக் அல்லது லாங் நோட்டாக இருக்கும், இரண்டையும் முதல் இரண்டு மாதம் தவிர்த்துவிடலாம். லாங் நோட்டுகள் தனிக் கலை. அவற்றை இங்கே தொடப் போவதில்லை.

எப்போது அடுத்த பாடலுக்குப் போவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: துல்லியம் 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அந்தப் பாடல் இன்னும் உங்களுக்கு உரியதல்ல, 97ஐத் தாண்டினால் அதில் உங்களுக்கு இனி வேலையில்லை. இடைப்பட்டதில் இருங்கள். நடுவில் தோற்று வெளியேறாமல் இருக்க நோ ஃபெயில் மோடைப் போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை. பாடலை 75 சதவீத வேகத்துக்கு இறக்கும் ஹாஃப் டைம் மோடும் உதவும். 160 அடிப் பாடல் 120 ஆகிவிடும். ஆனால் ஒரு கடினமான கோர்வையைப் பிரித்துப் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், இழுவையான ஒலியில் நாள் முழுதும் ஆடினால் பாடல் மேலிருந்த ஆசையே போய்விடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஆடுவதைவிடப் பதினைந்து நிமிடம் வீதம் இருமுறை ஆடுவது விரைவில் பலன் தருகிறது. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது; களைப்பு வேறு, வலி வேறு.

பாடல் பற்றாக்குறை என்னும் சுழல்

இதுவரை சொன்னவை எல்லாம் ஓர் அறைக்குள் தீர்த்துக்கொள்ளக்கூடியவை. தீர்க்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஓசுவில் பாடல்களுக்கு நோட்டு அமைப்பவர்கள் ஆட்டக்காரர்களே. பீட்மேப் என்று அதைச் சொல்கிறார்கள். ஏழு விசை ஆடுபவர்கள் குறைவு என்பதால் அதற்கு அமைப்பவர்களும் குறைவு. இருக்கும் சிலரும் பல ஆண்டு பழகியவர்கள். தங்கள் விரலுக்குச் சவாலானதை அமைப்பதிலேயே அவர்களுக்கு ஆர்வம். அதனால் எளிய பாடல்கள் மெலிந்துபோகின்றன, புதியவர் நான்கைந்து எளிய பாடல்களைத் திரும்பத் திரும்ப ஆடிச் சலித்துப்போகிறார், ஆட்கள் இன்னும் குறைகிறார்கள். பல பேர் சேர்ந்து ஆடும் அறைகளிலும் இதே கதை: புதியவர் தேடும் நேரத்தில் அவர் நிலைக்கேற்ற அறை திறந்திருக்காது.

ஏழு விசையின் வேர் இருக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. ஜப்பானில் கொனாமி நிறுவனம் 1997இல் ஐந்து விசையும் ஒரு சுழல்தட்டும் கொண்ட பீட்மேனியாவை விளையாட்டுக்கூடங்களில் வைத்தது. 1999இல் வந்த அடுத்த வரிசை விசைகளை ஏழாக்கியது. கொரியாவில் ஓ2ஜாம் கணினியில் ஏழு விசையைப் பரப்பியது. அங்கே தொடங்கியவர்களுக்கு நிறுவனம் அமைத்த எளிய பாடல்களும் இருந்தன, பக்கத்து இயந்திரத்தில் கொஞ்சம் தேறிய ஒருவரும் நின்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் தாள விளையாட்டுக்குள் வருவது கைப்பேசியில் நான்கு வரிசைக் கறுப்புக் கட்டங்களைப் பெருவிரலால் தட்டும் பியானோ ஆட்டங்கள் வழியாக. நான்கு விசை அவர்களுக்கு ஏற்கனவே பாதி தெரிந்த வீடு, ஏழு யாரும் அழைத்துப் போகாத தெரு.

பார்ப்பவருக்கும் ஏழு விசை எதையும் தருவதில்லை. முதன்மை முறையில் ஒருவர் ஆடுவதைப் பார்த்தால் சுட்டி திரையெங்கும் பாய்வது தெரியும். விளையாடத் தெரியாதவரும் வாயைப் பிளப்பார். ஏழு விசை வெளியிலிருந்து பார்த்தால் அடைமழை. எங்கள் பாட்டி ஒருமுறை கதவருகே நின்று பார்த்துவிட்டு, "தறி ஓடற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். குடியாத்தத்தில் பிறந்தவர் என்பதால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். புதியவருக்கு முதல்முறை காட்டும்போது உங்கள் மிகச் சிறந்த ஆட்டத்தைக் காட்டாதீர்கள். அவருக்கு அது அச்சத்தை மட்டுமே தரும். அவருக்கு நன்கு தெரிந்த பாடல் ஒன்றின் எளிய அமைப்பை, அடுத்த வாரம் தானும் ஆட முடியும் என்று தோன்றும் அளவில் ஆடிக்காட்டுங்கள். திரையைவிட விரல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு விசையின் அழகு அங்கேதான் தெரியும்.

எளிய பாடல் கிடைக்கவில்லை என்றால் ஒன்றை நீங்களே அமைத்துக்கொடுப்பது நினைப்பதைவிட எளிது. அடுத்தவர் இசையை எடுத்துப் பதிவேற்றும் வம்பு வேண்டாம். வீட்டில் யாராவது வாசிக்கும் உடுக்கையையோ, நீங்களே மேசையில் தட்டி ஒருவர் பாடியதையோ பதிவுசெய்துகொள்ளுங்கள், ஒன்றரை நிமிடம் போதும். நிலையான வேகத்தில் வாசிக்க, ஒரு காதில் மெட்ரோனோம் ஓடட்டும். ஓசுவின் எடிட்டரில் முதலில் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதையும் முதல் அடி விழும் கணத்தையும் பொருத்துங்கள், இது பிசகினால் மற்றதெல்லாம் பிசகும். பிறகு முறையை மேனியா என்றும் விசைகளை ஏழு என்றும் வைத்து, அடிக்கோட்டின் மேல் மட்டும் நோட்டுகளை வையுங்கள். ஓர் அடியை நான்காகப் பிரிக்கும் நம் சதுசிரம் எடிட்டரில் நான்கில் ஒன்று, மூன்றாகப் பிரிக்கும் திசிரம் மூன்றில் ஒன்று. முதல் அமைப்பில் இரண்டையும் தொடாமல், பாதியடிக்கு மேல் பிரிக்காமல் நிறுத்திக்கொள்ளலாம். இரட்டை நோட்டுகளைச் சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) விழும் இடங்களில் மட்டும் வையுங்கள். கட்டைவிரலுக்கு நான்கு அடிக்கு ஒருமுறை வேலை கொடுங்கள். இடக்கைக்கும் வலக்கைக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். வலக்கைக்காரர் அமைத்தால் வலப்பக்கம் கனத்துவிடும், எனக்கு எப்போதும் அப்படித்தான் ஆகிறது.

அமைத்து முடித்ததும் நீங்கள் ஆடிப் பார்த்துத் திருத்துவதில் பயனில்லை, உங்கள் கைக்கு எல்லாமே எளிதாகத் தோன்றும். ஏழு விசையைத் தொடாத ஒருவரை உட்கார வைத்து, பின்னால் நின்று பேசாமல் பாருங்கள். அவர் மூன்று முறை ஒரே இடத்தில் தவறினால் அந்த இடத்தில் ஒரு நோட்டை எடுத்துவிடுங்கள். என் சித்தி மகளை வைத்து நான் இப்படித் திருத்தியபோது எண்பது நோட்டுகளில் பத்தொன்பது போனது. மிஞ்சியதை அவள் அன்றைக்கே முடித்துவிட்டு, "அண்ணா, அந்தப் பத்தொன்பதையும் திருப்பி வையேன்" என்றாள்.